கடற்கரை முதல் தாம்பரம் வரை: ஒரு மின்சார இருப்புப்பாதையின் தடவரலாறு

இருப்புப்பாதை என்றவுடன் நம் கவிஞர்களின் நெஞ்சில் முதலில் எழுவது இணைகோட்டு உவமை. ஒருபோதும் சேராத காதலர், ஒருபோதும் சேராத கொள்கைகள், ஒருபோதும் சேராத தாயும் மகனும் எனத் தண்டவாளம் சுமந்த பொருள்கள் பல. நம் வட்டத்தின் பத்தாண்டுக் கூட்டங்களில் இவ்வுவமையை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. மாணவப் பருவத்தில் நானே எழுதியதும் உண்டு. அந்த ஏட்டை இப்போது எவரும் கேட்டால் தரமாட்டேன். ஆனால் எந்த ஒரு நிலையத்தின் நடைமேடை முனையிலேனும் நின்று பார்த்தவர்க்கு உண்மை விளங்கும். தண்டவாளங்கள் சேருகின்றன, பிரிகின்றன, ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றன. அவை சேரும் இடத்திற்குப் 'பாயிண்ட்' என்றும், வெட்டிக் கடக்கும் இடத்திற்குக் 'கிராசிங்' என்றும் தொழிலாளர் பெயரிட்டிருக்கின்றனர். எங்கே சேர வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்பதை ஒரு காலத்தில் ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அம்முடிவுக்குப் பணமும் நிலமும் அதிகாரமும் காரணங்களாக இருந்திருக்கின்றன. இத்தகைய முடிவுகளின் வரலாற்றையே இங்குத் தடவரலாறு என்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டது சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. நம்மில் பெரும்பாலோர் கூட்டத்திற்கு வருவதும் கூட்டம் முடிந்து கடைசி வண்டியைப் பிடிக்க ஓடுவதும் இப்பாதையில்தான். இப்பாதையைப் பற்றி எழுதப்பட்டவை இரு வகையின. ஒன்று, திறப்பு விழாக்களையும் நாட்களையும் அடுக்கிச் செல்லும் அலுவலக வரலாறு. மற்றொன்று, 'அந்தக் காலத்து மின்சார ரயிலில்' என்று தொடங்கும் நினைவுக் கட்டுரை. இரண்டும் வேண்டியனவே. எனினும் இரண்டிலும் தரை இல்லை. எத்தனை தடங்கள் இருந்தன, அவற்றின் அகலம் என்ன, யாருடைய வண்டி எந்தத் தடத்தில் போயிற்று என்ற வினாக்களுக்கு இரண்டுமே விடை கூறுவதில்லை.

அகலத்திலிருந்து தொடங்குவோம். சென்னையின் முதல் இருப்புப்பாதை 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. சென்னை ரயில்வே கம்பெனி அமைத்த அப்பாதை, தண்டவாளங்களுக்கிடையே 1676 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அகலப்பாதை. தெற்கே நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1860-களின் தொடக்கத்தில் வேறொரு கம்பெனி அமைத்த பாதையும் அகலப்பாதையே. 1870-ஐ ஒட்டி இந்திய அரசு செலவைக் குறைக்கக் கருதி ஒரு மீட்டர் அகலமே போதும் என்னும் கொள்கையை வகுத்தது. அக்கம்பெனி 1874-இல் தென்னிந்திய ரயில்வே என்னும் பெயர் பெற்றபின், தான் முன்பு அகலமாக இட்ட பாதையையே பெயர்த்துக் குறுக்கியது. அகலப்படுத்தல் என்பது நம் தலைமுறையின் முன்னேற்றச் சொல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் குறுக்குதலே முன்னேற்றமாக அறிவிக்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் வைப்பது நலம். சென்னைக்குத் தெற்கே செங்கற்பட்டு வழியாகச் சென்ற பாதையும் அந்தப் பத்தாண்டில் மீட்டர்கேஜாகவே பிறந்தது.

இதனால் சென்னை நகரம் இரண்டு அகலங்களின் நகரமாயிற்று. 1873-இல் எழுந்த சென்ட்ரல் நிலையம் அகலப்பாதைக்கு உரியது. 1908-இல் இன்றைய கட்டடத்துடன் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையம் மீட்டர்கேஜுக்கு உரியது. இவ்விரண்டுக்கும் இடையே நடந்து செல்லும் தொலைவுதான். ஆயினும் வடக்கிலிருந்து வந்த ஒரு பெட்டி தெற்கே போக வேண்டுமானால் சக்கரம் பொருந்தாது. 676 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்குச் சற்றே கூடுதல், குறுக்கே நின்றது. அந்த இரண்டடியை மூட்டைகள் மனிதர் முதுகில் கடந்தன. பயணிகள் ஜட்காவிலும் ரிக்‌ஷாவிலும் கடந்தனர். எழும்பூருக்கு வந்து தனுஷ்கோடிக்கு 'போட் மெயில்' ஏறி இலங்கைக்குச் சென்றவர்களும் இவ்வாறு கடந்தவர்களே. நகரத்தின் வரைபடத்தில் சாலையாக மட்டும் தெரிகின்ற அந்த இடத்தில் எத்தனை சுமைதொழிலாளர் வாழ்வு கழிந்தது என்பதை எந்த ஆண்டறிக்கையும் தனித்தலைப்பில் எழுதியதாக நான் கண்டதில்லை. பூங்கா நிலையத்தில் இறங்கி, பெட்டியைத் தலைக்கு ஏற்றிச் சாலையைக் கடந்து சென்ட்ரலுக்குள் நுழையும் காட்சி இன்றும் மாறவில்லை. அகலங்கள் ஒன்றான பின்னும், நிலையங்கள் இரண்டாகவே நின்றுவிட்டன.

இனி மின்சாரத்திற்கு வருவோம். நகருக்குள் மின்சாரத்தால் ஓடும் வண்டி சென்னைக்குப் புதிதன்று. 1895-லேயே டிராம் வந்துவிட்டது. 1953-இல் அது நின்றுபோகும் வரை தெருவின் நடுவே தண்டவாளம் இருந்தது. டிராம் இருக்கின்ற நகரத்திற்குள் ஓடியது. மின்சார ரயிலோ இனி வரப்போகும் நகரத்தை நோக்கி ஓடியது. 1920-களில் தென்னிந்திய ரயில்வே இப்பாதையை மின்மயமாக்கத் திட்டமிட்டபோது சைதாப்பேட்டைக்கு அப்பால் பெரும்பகுதி வயலும் ஏரியும் பனந்தோப்புமே. அவ்வளவு பெரிய முதலீட்டிற்கு அன்றைய பயணிகள் கூட்டம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. கம்பெனி எதிர்காலத்தின்மீது பணம் கட்டியது எனலாம்.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரியில் பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அது அகலப்பாதை. மீட்டர்கேஜ் பாதையில் மின்சாரம் பாய்ந்தது சென்னையில்தான் முதல்முறை. 1931 ஏப்ரல் 2-ஆம் நாள் தொடக்கமும், மே 11-ஆம் நாள் பொதுமக்களுக்கான முழுச் சேவையும் நிகழ்ந்தன. எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட பணியைக் காட்டிலும் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடைப்பட்ட சிறு துண்டே கம்பெனியை அதிகம் வருத்தியது. துறைமுகத்தை ஒட்டிய அப்பகுதியில் கடலிலிருந்து நிலத்தை மீட்டுச் சுவர் எழுப்பிய பிறகே தடம் இட முடிந்தது. நீளத்தில் சிறியதும் தொல்லையில் பெரியதுமான இத்துண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இதே ஆண்டுகளில் இதே கம்பெனியில் நடந்த மற்றொன்றையும் சொல்லாமல் கடப்பது முறையன்று. நாகப்பட்டினத்துப் பணிமனை பொன்மலைக்கு மாற்றப்பட்டதை ஒட்டி ஆட்குறைப்பு வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது ஒடுக்கப்பட்டது, சிங்காரவேலர் சிறை சென்றார். புறநகர் மின்மயப் பணியும் அவ்வேலைநிறுத்தமும் ஒரே கம்பெனியின் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். நம் நூல்களில் ஒன்று 'போக்குவரத்து' அதிகாரத்திலும் மற்றொன்று 'தொழிலாளர் இயக்கம்' அதிகாரத்திலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால்தான் கம்பெனியின் முகம் முழுமையாகத் தெரியும். மின்கம்பத்திற்குப் பணம் இருந்தது. கொல்லுலைக்காரனின் கூலிக்கு இல்லை.

மின்சாரம் வந்தபோது தடங்களின் அமைப்பில் நேர்ந்த மாற்றம் நுட்பமானது. நீராவி வண்டிக்கு முகம் ஒன்றே. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தின் வழியே பின்னோக்கிக் கொண்டுவந்து, மறுமுனையில் பூட்ட வேண்டும். எஞ்சினைத் திருப்ப வட்டமேடை வேண்டும். தண்ணீர்த் தூண் வேண்டும். கரி கொட்ட இடம் வேண்டும். எனவே நீராவிக் காலத்து முனைநிலையம் இயல்பாகவே பரந்த நிலத்தை விழுங்கியது. மின்தொடர் வண்டிக்கோ இருபுறமும் முகம் உண்டு. ஓட்டுநர் ஒரு முனையில் இறங்கி நடைமேடை வழியாக மறுமுனைக்கு நடந்துவந்தால் வண்டி திரும்பியதாகப் பொருள். வண்டி வந்த தடத்திலிருந்து எதிர்த்தடத்திற்கு மாறிப் போக ஓர் இணைப்புத் தடம் இருந்தால் போதும். நடைமேடையில் வண்டி நிற்கும் நேரம் குறைந்தது. அதனால் அதே நிலத்தில் அதிக வண்டிகள் விட முடிந்தது. 'அடுத்த வண்டிக்குப் போகலாம்' என்று சொல்லும் உரிமையை நமக்குத் தந்தது மின்சாரத்தின் வேகம் என்று நினைக்கிறோம். அதைவிட, ஓட்டுநர் நடந்துவரும் அந்தச் சிறு நடைதான் அவ்வுரிமையைத் தந்தது.

வேறு ஒரு மாற்றமும் நேர்ந்தது. எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியும், எங்கும் நிற்காமல் விரையும் வெளியூர் வண்டியும் ஒரே தடத்தில் ஓடினால் விரைவானது மெதுவானதன் பின்னால் காத்து நிற்கும். ஆகவே எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே புறநகர் வண்டிகளுக்கென இரண்டு தடங்களும், வெளியூர் வண்டிகளுக்கெனத் தனியாக ஒரு தடமும் என்னும் அமைப்பு நிலைபெற்றது. நான் இப்பாதையில் செல்லத் தொடங்கிய மீட்டர்கேஜ் இறுதிக்காலத்திலும் அந்தப் பிரிவு தெளிவாக இருந்தது. மாம்பலத்தில் நிற்கும் நமக்குப் பக்கத்துத் தடத்தில் திருநெல்வேலியோ இராமேசுவரமோ போகும் வண்டி நம்மைப் பாராமல் கடந்து போகும். ஊருக்குப் போகின்றவர்களும் அலுவலகத்துக்குப் போகின்றவர்களும் ஒரே திசையில் ஆனால் வேறு வேறு தடத்தில் போனார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையில் அத்தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்கள் விடுதி மாணவியரின் கண்களை நான் அறிவேன்.

இனி, தடம் நிலத்தை என்ன செய்தது என்பதைப் பார்க்கலாம். இப்பாதை சேத்துப்பட்டுக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே கூவத்தையும், சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் இடையே அடையாற்றையும் கடக்கிறது. இவ்விரு ஆறுகளுக்கு இடையே மாம்பலத்துப் பெரிய ஏரி கிடந்தது. 1920-களில் அவ்வேரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மின்சாரப் பாதைத் திட்டமும் தியாகராய நகர்த் திட்டமும் ஒரே பத்தாண்டின் குழந்தைகள். பாதைக்குக் கிழக்கே அகன்ற தெருக்களும் பூங்காவும் வகுக்கப்பட்ட புதுநகர். பாதைக்கு மேற்கே தன் போக்கில் வளர்ந்த மேற்கு மாம்பலம். இரண்டிற்கும் நடுவே தண்டவாளம். ஊரார் பேச்சில் 'கேட்டுக்கு அந்தப் பக்கம்' என்ற தொடர் திசையை மட்டும் குறிக்கவில்லை. வாடகையையும் குறித்தது, பல வேளைகளில் மதிப்பையும் குறித்தது. பெண் பார்க்கப் போனவர்கள் கேட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

வண்டிகள் பெருகப் பெருகக் கேட்டுகள் மூடியே கிடந்தன. கைகாட்டி இறங்குவதற்காகவும் கேட் திறப்பதற்காகவும் காத்திருத்தல் ஒரு வாழ்க்கைமுறை ஆயிற்று. அதற்குத் தீர்வாக மேலே பாலங்களும் கீழே சுரங்கப்பாதைகளும் வந்தன. கோடம்பாக்கத்து மேம்பாலம் 1965-இல் திறக்கப்பட்டது. திரைப்படப் படப்பிடிப்பு நிலையங்களுக்குச் செல்பவர்கள் அதுவரை கேட்டில் நின்றார்கள். நடிகரின் காரைப் பார்ப்பதற்கென்றே கேட்டருகில் நின்றவர்களும் உண்டு என்று முதியோர் கூறுவர். மாம்பலத்துப் பக்கம் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை எனக் கீழ்வழிகள் அமைந்தன. ஐப்பசி கார்த்திகையில் இவற்றில் தண்ணீர் நிற்பது ஆண்டுதோறும் செய்தி. ஏரி இருந்த நிலத்தில் பள்ளம் தோண்டினால் ஏரி திரும்பி வந்து பார்க்காமல் என்ன செய்யும்? பொறியியல் அறிந்தோர் வேறு காரணங்களும் கூறுவர். அவற்றை நான் மறுக்கவில்லை.

தமிழாசிரியர் என்ற முறையில் நிலையப் பெயர்களைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம் எனப் 'பாக்கம்' வரிசையாக வருகிறது. பழைய இலக்கியத்தில் நெய்தல் நிலத்துக் குடியிருப்பைக் குறித்த சொல் இங்கே கடலைவிட்டு உள்நாட்டுக்கு வந்து நிற்கிறது. பழவந்தாங்கலில் உள்ள 'தாங்கல்' நீரைத் தாங்கி நின்ற சிற்றேரியின் பெயர். இன்று தாங்குவது அடுக்குமாடிகளை. இவற்றை அடுத்துக் குரோம்பேட்டை வருகிறது. குரோம் தோல் பதனிடும் கம்பெனியின் பெயர் தமிழ்ப் 'பேட்டை'யோடு புணர்ந்து உருவான ஊர் அது. புணர்ச்சி விதி எதுவும் மீறப்படவில்லை. அதற்கடுத்துத் தாம்பரம் சானடோரியம். 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தொடங்கி, 1937-இல் அரசு ஏற்ற காசநோய் மருத்துவமனையால் அந்நிலையத்துக்கு அப்பெயர். நகரத்தார் அஞ்சி ஒதுக்கிய நோய்க்கு நகரத்திற்கு வெளியே இடம் தேடியபோது, நோயாளியும் அவரைக் காண வருபவரும் சென்றுசேர ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியை மின்சார ரயில் தந்தது. அதே 1937-இல் ஜார்ஜ் டவுனில் இருந்த கிறித்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. தடத்தின் கடைசி முனை என்பதால் நோய்க்கும் கல்விக்கும் அங்கே இடம் கிடைத்தது. நிலம் மலிவு, வண்டி நிச்சயம்.

தாம்பரத்தில் மின்தொடர் வண்டிகளுக்கான பணிமனையும் அமைந்தது. இரவில் வண்டிகள் உறங்கும் இடம் என்று குழந்தைகளுக்குச் சொல்வோம். முனைநிலையமாக இருந்ததால் தாம்பரத்தில் தடங்கள் விசிறிபோல் விரிந்தன. எந்த வண்டி எந்தக் கைவிரலில் நிற்கும் என்பதை அறிந்தவர் காலையில் இடம் பிடித்தனர். அறியாதவர் கிண்டிவரை நின்றுகொண்டே போயினர். 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தபின் அக்கூட்டத்தின் தன்மையும் மாறிற்று. காலையில் எல்லோரும் கடற்கரை நோக்கியே போன நிலை தளர்ந்து, பாதி வழியில் இறங்கும் ஒரு பெருங்கூட்டம் உருவாயிற்று.

1944-இல் கம்பெனி அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-ஆம் நாள் தெற்கு ரயில்வே பிறந்தது. தடத்தில் அதன் விளைவு உடனே தெரியவில்லை. அடுத்த பெரிய மாற்றம் தண்டவாளத்தில் நிகழாமல் தலைக்கு மேலிருந்த கம்பியில் நிகழ்ந்தது. 1931-இல் இட்டது 1500 வோல்ட் நேர்மின்சாரம். குறைந்த அழுத்தம் என்பதால் அதிக மின்னோட்டம் வேண்டும். தடித்த கம்பியும் அடுத்தடுத்துத் துணைமின் நிலையங்களும் வேண்டும். முப்பது கிலோமீட்டருக்கு அது பொருந்தும். விழுப்புரம் வரை நீட்டக் கட்டுப்படியாகாது. 1950-களின் இறுதியில் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தன் முறையாக ஏற்றது. 1960-களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை அம்முறையில் கம்பி இழுக்கப்பட்டது. ஒரே பாதையில் இருவகை மின்சாரம் இருக்கலாகாது என்பதால் 1967 ஜனவரியில் கடற்கரை – தாம்பரம் பகுதியும் மாற்றப்பட்டது. பம்பாயின் துறைமுகக் கிளைப்பாதை இம்மாற்றத்தை முழுமையாகப் பெற்றது 2016-இல். இந்த ஒன்றில் நம் சிறிய பாதை அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது. பெருமைப்படுவதில் தவறில்லை, பம்பாயின் பாதைகளும் கூட்டமும் நம்முடையவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

விழுப்புரம் வரை நீண்ட அப்பாதைக்கென ஜப்பானிலிருந்து 'யாம்–1' வகை மின்சார எஞ்சின்கள் வந்தன. மொத்தம் இருபதே. மாறுமின்சாரத்தில் ஓடிய மீட்டர்கேஜ் எஞ்சின் இந்தியாவில் இவ்வொரு வகைதான். எழும்பூரில் பூட்டப்படும் இந்த எஞ்சின் விழுப்புரத்தில் கழற்றப்படும். அங்கிருந்து நீராவியோ டீசலோ இழுத்துச் செல்லும். நள்ளிரவில் விழுப்புரத்தில் வண்டி நெடுநேரம் நிற்பதும், இட்லிப் பொட்டலம் விற்பவர் குரலில் விழிப்பதும் தெற்கத்திக் குடும்பங்களின் பொது நினைவு. அந்த நிறுத்தம் விற்பனையாளருக்காக ஏற்பட்டதன்று. கம்பி அங்கே முடிந்ததால் ஏற்பட்டது. ஒரு கம்பியின் முடிவு ஓர் ஊரின் இரவு வாணிகமாகியது.

தாம்பரத்துக்கு அப்பால் கம்பி சென்ற அன்றே தாம்பரம் முனைநிலையம் என்னும் தகுதியை இழக்கத் தொடங்கியது. பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று குடியிருப்பு தெற்கே நகர்ந்தது. மனையை விற்றவர்கள் தம் விளம்பரத்தில் ஊரின் பெயரைவிட 'ரயில் நிலையத்திலிருந்து இத்தனை நிமிடம்' என்பதைப் பெரிதாக எழுதினார்கள்.

1992-இல் ஒரே அகலத் திட்டம் அறிவிக்கப்பட்டபின் மீட்டர்கேஜின் காலம் எண்ணப்படலாயிற்று. ஓடுகின்ற பாதையை நிறுத்தாமல் அகலத்தை மாற்றுவது எளிதன்று. தண்டவாளத்தை இரண்டடி நகர்த்தினால் முடிந்தது என்று தோன்றும். சிலீப்பர் கட்டை நீளமாக வேண்டும்; ஜல்லிப் படுகை அகல வேண்டும்; பாலங்களின் உத்திரம் வலுப்பெற வேண்டும்; மின்கம்பி தடத்தின் புதிய நடுக்கோட்டுக்கு நகர வேண்டும். இவை எல்லாவற்றிலும் தொல்லை தந்தது நடைமேடை. மீட்டர்கேஜ்ப் பெட்டியின் அகலம் ஏறத்தாழ ஒன்பதடி; அகலப்பாதை மின்தொடர் பெட்டி பன்னிரண்டடி. பழைய நடைமேடையின் விளிம்பில் புதிய வண்டி இடிக்கும்; உயரமும் பொருந்தாது. எனவே ஒவ்வொரு நிலையத்திலும் நாம் நின்ற தரையே மாற வேண்டியதாயிற்று. முதலில் பக்கத்தில் அகலத்தடம் இட்டு வெளியூர் வண்டிகளை அதற்கு மாற்றினர். சில ஆண்டுகள் இரண்டு அகலங்களும் அருகருகே ஓடின. வெளியூர்ப் பயணிகள் அகலத்தில் போனார்கள். நாள்தோறும் போகின்ற நாங்கள் குறுகலில் போனோம்.

அந்தக் குறுகிய பெட்டியைப் பற்றி ஒரு சொல். எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்தால் முழங்கால்கள் தொடும். பெண்கள் பெட்டியில் அந்த நெருக்கம் வேறு பொருள் பெற்றது. கீரை ஆய்ந்துகொண்டு வந்தவர், தேர்வுத்தாள் திருத்திக்கொண்டு வந்தவர், கையில் பின்னலோடு வந்தவர், கண்ணை மூடி இருபது நிமிட உறக்கத்தை ஈட்டிக்கொண்டு வந்தவர் என அது ஒரு நடமாடும் முற்றம். குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் வாழ்ந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் நகரத்தில் படிக்கவும் பணிபுரியவும் முடிந்ததற்கு, இருட்டிய பின்னும் நம்பித் திரும்ப ஒரு வண்டி இருந்ததே பெருங்காரணம் என்பது என் கணிப்பு. நான் ஆய்வுப்பட்டத்திற்காக நூலகம் நூலகமாக அலைந்ததும் சீசன் டிக்கெட்டின் துணையோடுதான். இப்பாதையைப் பற்றி எழுதிய ஆண்கள் எஞ்சினின் குதிரைத்திறனைக் கூறுகின்றனர். மாலை ஏழரை மணிக்கு மேல் எத்தனை நிமிடத்திற்கு ஒரு வண்டி என்பதை எவரும் கூறவில்லை. தடவரலாற்றில் அதுவும் ஒரு கூறு என்றே கொள்கிறேன்.

2004 ஜூலையில் கடைசி மீட்டர்கேஜ் மின்தொடர் வண்டி ஓடி முடிந்தது. எழுபத்துமூன்று ஆண்டுகள். வண்டியின் முகப்பில் மாலை போட்டு அனுப்பினார்கள் என்றும், அழுதவர்கள் உண்டு என்றும் கேள்விப்பட்டேன். நான் அன்று போகவில்லை. மறுவாரம் புதிய அகன்ற வண்டியில் ஏறியபோது எல்லோருக்கும் இடம் இருப்பதுபோல் தோன்றிற்று; ஒரு மாதத்தில் அந்தத் தோற்றம் போய்விட்டது. மூன்றடி கூடியது, மக்கள் அதற்கு மேல் கூடினர். பழைய தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு அடுக்கி வைக்கப்பட்டன. பிறகு அவையும் போயின. 'வண்டவாளம் தண்டவாளம் ஏறும்' என்பது நம் வழக்கு. தண்டவாளமே எடைக்கு ஏறியதற்கு நம்மிடம் பழமொழி இல்லை.

இன்று எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே நான்கு அகலத்தடங்கள்: இரண்டு புறநகருக்கு, இரண்டு வெளியூருக்கு. கடற்கரை நிலையத்திலோ வேறொரு சிக்கல் சேர்ந்தது. 1995-இல் சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும் பறக்கும் ரயில் அங்கிருந்து தொடங்கியது. அதற்கும் தடம் வேண்டும், வடக்கே செல்லும் அகலப்பாதைக்கும் வேண்டும், தாம்பரத்துக்கும் வேண்டும். கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே அகப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில் எல்லாத் தடங்களும் தோளோடு தோள் உரசி நின்றன. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவுதான். முப்பது கிலோமீட்டரில் நான்காவது தடம் இல்லாமல் எஞ்சி நின்றது அத்துண்டு மட்டுமே.

அதனை இடுவதற்காக 2023 ஆகஸ்டு இறுதியில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள், பதினான்கு மாதமாயிற்று. 2024 அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் வண்டி ஓடியது. அதுவரை பூங்கா நகரில் இறங்கி ஏறியவர்கள் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து நடந்தார்கள், அல்லது பேருந்துக்குக் காத்து நின்றார்கள். 1931-இல் கம்பெனிக்கு இடம் போதாமல் கடலைத் தள்ளிச் சுவர் எழுப்ப வேண்டியிருந்த அதே துண்டுதான் இது. இப்போது தள்ளுவதற்குக் கடல் அருகில் இல்லை. நடுவில் துறைமுகம் இருக்கிறது.